பி.யு.சி.யில் ஃபெயில் ஆன அப்பா வண்டி

எங்க அப்பா 1966-ல் பி.யு.சி. பாஸ் பண்ணினவர். கரூர்ப் பக்கத்து கிராமத்துக்கு அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இன்னைக்கும் யாராவது படிப்பைப் பத்திப் பேசினா, "நான் அந்தக் காலத்து பி.யு.சி.ங்க"ன்னு ஒரு தடவையாவது சொல்லாம விடமாட்டார்.

அப்படிப்பட்டவருடைய வண்டி 2023 செப்டம்பர்ல, திருவனந்தபுரம் பேரூர்க்கடையில், பி.யு.சி.யில் ஃபெயில் ஆயிடுச்சு. இது வேற பி.யு.சி. புகைச் சான்றிதழ். இந்த ஊரில் "பொல்யூஷன் எடுக்கறது"ன்னு சொன்னாத்தான் புரியும்.

சோதனை மையத்துப் பையன் குழாயை சைலன்சருக்குள் விட்டுட்டு ஸ்க்ரீனைப் பார்த்தான். திரும்ப விட்டான். திரும்பப் பார்த்தான். "சாரே, கிட்டில்ல கேட்டோ"ன்னு ஒரு சீட்டை நீட்டினான். கார்பன் மோனாக்சைடு 2.8 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2, 3 காலத்து பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் அனுமதி 0.5 தான். பேங்க்ல இருபது வருஷமா அடுத்தவங்க பேப்பரைத் திருப்பி அனுப்பற ஆள் நான். அன்னைக்கு என் பேப்பர் திரும்பிடுச்சு.

வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை. கம்பெனி பேர் வேண்டாம், உயரமான டப்பா மாதிரி இருக்கும்னு சொன்னாலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ. அப்பா 2008 அக்டோபர்ல ரிடையர்மென்ட் பணத்தில் வாங்கினது. 2020-ல் கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டறதை விட்டுட்டு, "நீ எடுத்துட்டுப் போ கண்ணு, சும்மா நின்னா துருப்பிடிச்சுடும்"னு சாவியைக் கொடுத்துட்டார். கரூர்ல என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, டிஎன் 47 போய் கேஎல் 01 ஆனது. வெளிமாநிலத்தில் பன்னிரண்டு மாசத்துக்கு மேல வண்டி வச்சிருந்தா நம்பர் மாத்தியே ஆகணும்கறது சட்டம். ஊர் விட்டு ஊர் வந்த எல்லாருக்கும் இந்த அலைச்சல் தெரிஞ்சதுதான்.

இப்போ அதுக்குப் பதினஞ்சு வயசு. 2023 அக்டோபரோட ஆர்சி முடியுது. மறுபடி அஞ்சு வருஷம் நீட்டிக்க, முடியறதுக்கு முந்தின அறுபது நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேர்ல காட்டணும். 2022 ஏப்ரலுக்கு முன்னாடி இதுக்குக் கட்டணம் 600 ரூபாய். அப்புறம் 5,000. மேல பசுமை வரி வேற. இதெல்லாம் கட்டத் தயாரா இருந்தாலும் பொல்யூஷன் சீட்டு இல்லாம ஒண்ணும் நடக்காது.

தங்கமணி ரொம்ப நாளா ஒரே கட்சி. "ஏங்க, அந்த டப்பாவைத் தள்ளிட்டு ஒரு செகண்ட்ஹேண்ட் வண்டியாவது பாருங்க. மாசாமாசம் பெட்ரோலுக்குக் கொடுக்கறதுல பாதி இஎம்ஐ கட்டிடலாம்." கணக்கு தப்பில்லை. பேரூர்க்கடையிலிருந்து ஸ்டேச்சு பக்கம் இருக்கிற என் பிராஞ்சுக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். அம்பலமுக்கு, கவடியார், வெள்ளயம்பலம், பாளையம்னு ஏற்றமும் இறக்கமுமான ரோடு. லிட்டருக்குப் பத்தரைதான் கொடுத்தது. பழைய இரும்புக் கடைக்காரர் 20,000 தர்றேன்னு சொல்லியிருந்தார்.

ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அப்பா போன்ல கேக்கற முதல் கேள்வி, "வண்டி ஓடுதா கண்ணு?" அதுக்கப்புறம்தான் பேத்தி, மருமக எல்லாம். 20,000 ரூபாய்க்கு வித்துட்டேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அதனால நமக்குத் தெரிஞ்ச வழியிலேயே போவோம்னு முடிவு பண்ணினேன். பி.காம். படிச்சவனுக்கு என்ன தெரியும்? கணக்கு டேலி ஆகலைன்னா எங்க இடிக்குதுன்னு தேடத் தெரியும்.

முதல் சந்தேகம், எல்லாரையும் போல பெட்ரோல் பங்க் மேல. பங்க்ல முத்திரை போட்ட அஞ்சு லிட்டர் அளவுக் குவளை கட்டாயம் இருக்கணும். வாடிக்கையாளர் கேட்டா அளந்து காட்டணும். கேட்டேன். முகம் சுளிச்சாலும் அளந்து காட்டினாங்க. அஞ்சு லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னப்பின்ன இருக்கலாம். அது கூட இல்லை. சரி, பங்க் நிரபராதி.

ரெண்டாவது சந்தேகம், எத்தனால். 2022-லேயே நாடு முழுக்கப் பத்து சதவீதக் கலப்பு வந்தாச்சு. எத்தனால்ல பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. அப்போ பத்து சதவீதக் கலப்பால குறையறது மூணு, மூணரை சதவீதம்தான். பதினாலு கொடுக்க வேண்டிய வண்டி பதின்மூணரை கொடுக்கலாம், பத்தரைக்கு இறங்காது. இப்போ இருபது சதவீதக் கலப்பு வந்த பிறகும் கணக்கு இதேதான்: எத்தனாலின் பங்கு ஆறேழு சதவீதம். அதுக்கு மேல குறைஞ்சா வேற இடத்தில் தேடணும்.

மூணாவது, டயர். 30 இருக்க வேண்டிய காத்து 24 தான் இருந்தது. என் சோம்பேறித்தனம். சரி பண்ணினதும் 10.6 கொடுத்தது 10.9 ஆச்சு. ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, அதே பங்க்ல மறுபடி ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்தது. மீட்டர் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்றது, கஸ்டமர் முகத்தைப் பார்த்து லோன் கொடுக்கற மாதிரி.

அடுத்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவங்க வண்டியை அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு ஒரு எஸ்டிமேட் கொடுத்தாங்க. ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இன்ஜெக்டர் க்ளீனிங், பிளக், ஏர் ஃபில்டர். மொத்தம் 38,000. இருபதாயிரம் ரூபாய் வண்டிக்கு! "இதெல்லாம் மாத்தினா சரியாகிடுமா?"ன்னு கேட்டேன். "மாத்திப் பார்த்தாத்தான் தெரியும் சார்." எந்த டாக்குமென்ட்டும் பார்க்காம லோன் சாங்க்‌ஷன் பண்ற மேனேஜரை எங்க ஆடிட்டர் சும்மா விடுவாரா? சீட்டை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரிதான் அந்த ஃபெயில் சீட்டை ஒழுங்காப் படிச்சேன். அதுல ரெண்டு நம்பர் இருந்தது. கார்பன் மோனாக்சைடு 2.8, அனுமதியைப் போல அஞ்சரை மடங்கு. ஹைட்ரோகார்பன் 310 பிபிஎம், அனுமதி 750. அதாவது ஒண்ணு படுமோசம், இன்னொண்ணு பாஸ்.

சின்ன வயசுல வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்ததா உங்களுக்கு? திரி சரியா இருந்தா நீலமா எரியும். காத்து பத்தாம எண்ணெய் ஜாஸ்தியானா மஞ்சளா எரிஞ்சு பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. அம்மா ரெண்டு புலம்பல் புலம்புவாங்க: "எண்ணெய் சீக்கிரம் தீருது", "பாத்திரம் கரியாகுது". ரெண்டும் ஒரே வியாதி. காரும் அதேதான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்கா எரிய 14.7 கிலோ காத்து வேணும். பெட்ரோல் ஜாஸ்தியாப் போச்சுன்னா பாதி எரிஞ்சு கார்பன் மோனாக்சைடாப் போகும். ஒரு சிலிண்டர் சரியா தீப்பொறி பிடிக்கலைன்னா எரியாத பெட்ரோல் அப்படியே ஹைட்ரோகார்பனாப் போகும். ஆக, என் சீட்டு சொன்னது: பிளக் கோளாறு இல்லை, இன்ஜின் கிழடும் இல்லை, இதுக்கு யாரோ தேவைக்கு மேல ஊட்டறாங்க.

மைலேஜ் குறையறதும் புகை கூடறதும் ரெண்டு தனித்தனிப் பிரச்சினைன்னு அதுவரை நினைச்சிருந்தேன். ஒரே என்ட்ரியோட டெபிட்டும் கிரெடிட்டும்தான் அது. பங்க்ல நான் கொடுத்த காசு, சைலன்சர் வழியா வெளியே போயிட்டிருந்தது.

யார் ஊட்டறாங்க, எப்போதிருந்து? அதுக்கு அப்பாவோட நோட்டுப் புத்தகம் உதவினது. வண்டியோட சேர்த்து ரெண்டு நீளநோட்டும் கொடுத்திருந்தார், பரண்ல கிடந்தது. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், பங்க் பேர். 2008-லிருந்து 2020 வரை ஒரு வரி விடாம. மில்லுல அக்கவுன்டன்ட்டா இருந்த மனுஷன் வேற எப்படி எழுதுவார்!

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். மகள் பார்த்துட்டு, "அப்பா, இது ஆபீஸ் வேலையா?"ன்னு கேட்டா. அதைவிட முக்கியமான வேலை. 2011 மே வரைக்கும் சராசரி லிட்டருக்கு 15.6. அதுக்கப்புறம் 13.7. மெல்ல மெல்ல இறங்கல. படிக்கட்டுல ஒரு படி மாதிரி, ஒரே மாசத்தில் பொத்துனு விழுந்திருந்தது. தேய்மானம்னா மெல்ல இறங்கும். ஒரே நாள்ல விழுந்தா, அன்னைக்கு யாரோ ஏதோ செஞ்சிருக்காங்க.

அந்தப் படிக்கு நேரா இருந்த வரி: "18-5-11. வத்தலக்குண்டு. கூலன்ட், கூலி. 650." அதுக்கு அடுத்த மாசம் ஓரத்தில் பென்சில்ல ஒரு குறிப்பு: "பங்க் மாத்தணும்." அப்பாவும் முதல்ல பங்க்கைத்தான் சந்தேகப்பட்டிருக்கார். பன்னிரண்டு வருஷம் கழிச்சு நானும் அதையே செஞ்சேன். ரத்தம்!

அந்தப் பயணம் எனக்கும் ஞாபகம் இருக்கு. அம்மாவுக்குக் கொடைக்கானல் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அப்பா, அம்மா, சித்தி மூணு பேரும் கிளம்பினாங்க. காட் ரோட்டில் டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னாடி இன்ஜின் கொதிச்சு நின்னுடுச்சு. தண்ணி ஊத்தி, மெதுவா வத்தலக்குண்டுக்கு இறக்கி, ஒரு மெக்கானிக் சரி பண்ணிக்கொடுத்தார்னு அப்போ போன்ல கேட்டது. என்ன சரி பண்ணினார்னு யாரும் கேக்கல.

நோட்டோட, இந்தத் தடவை தெரிஞ்சவர் சொன்ன ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அறுபது வயசு இருக்கும் அவருக்கு. கேரளத்தில் எல்லாரையும் 'சேட்டா'ன்னு கூப்பிடணும்னு நாம நினைப்போம். திருவனந்தபுரத்தில் 'அண்ணா'தான் அதிகம். நமக்கும் வசதி. அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். குடப்பனக்குன்னு வரைக்கும் போயிட்டு வந்தோம், இருபது நிமிஷம். மீட்டரில் டெம்பரேச்சர் முள்ளைக் காட்டி, "இது எப்போழும் இவிடெ தன்னெயாணோ?"ன்னு கேட்டார். முள் கீழேயே கிடந்தது. ஆமாண்ணா, எப்பவும் அங்கேதான். சூடே ஆகறதில்லை, நல்ல வண்டின்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்!

எங்கே சாவியைக் கொடுத்தாலும் ஆயில் ஸ்டிக்கை உருவி ஆயில் இருக்கான்னு பார்ப்பாங்க. இவர் முகர்ந்து பார்த்தார். என் மூக்குக்கிட்டயும் நீட்டினார். பெட்ரோல் வாசனை. பிளக்கைக் கழட்டினார், நாலும் கரிச்சட்டி மாதிரி. அப்புறம் ஸ்கேனரை மாட்டினார். நம்ம நாட்டில் கார்களுக்கு ஓபிடி-2 முழுசாக் கட்டாயம் ஆனது 2013 ஏப்ரல்லதான். என்னோடது அதுக்கு முந்தினது. நல்லவேளை இந்த வண்டிக்கான பழைய ஸ்கேனரை அவர் தூக்கிப் போடாம வச்சிருந்தார். இருபது நிமிஷம் ஓடின இன்ஜினில் கூலன்ட் 58 டிகிரி. ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடணும், இது 0.85 வோல்ட்டில் அசையாம நின்னது. பெட்ரோல் ஜாஸ்தின்னு அது கத்திக்கிட்டே இருந்திருக்கு. அதைத்தான் அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்ல மாத்தச் சொன்னாங்க. உண்மையைச் சொன்ன சாட்சியை மாத்தற கதை.

அண்ணன் ஸ்பேனரை எடுத்து தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிச்சார். "சாரே, இதில் சாதனமே இல்லல்லோ!"

காலி. வால்வு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை.

விஷயம் இதுதான். இன்ஜின் சுமார் 85 டிகிரி சூட்டில் ஓடத்தான் வடிவமைச்சது. தெர்மோஸ்டாட்ங்கறது மெழுகு அடைச்ச ஒரு சின்ன வால்வு. இன்ஜின் குளிர்ச்சியா இருக்கும்போது ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம மூடியிருக்கும். எண்பது டிகிரியைத் தாண்டினதும் மெழுகு விரிஞ்சு திறக்கும். அதைக் கழட்டிட்டா, தண்ணி எந்நேரமும் ரேடியேட்டர் வழியா ஓடி இன்ஜினை ஆறவச்சுக்கிட்டே இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?"னு கேக்கற மெக்கானிக் நம்ம பக்கம் நிறைய. ஆனா நமக்கு உச்சி வெயிலான 38 டிகிரி, இன்ஜினுக்கு மார்கழிக் காலை.

பழைய ஸ்கூட்டர்ல காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணுவோமே, ஞாபகம் இருக்கா? சூடானதும் சோக்கைத் தள்ளிடணும். எம்பிஎஃப்ஐ வண்டியில் கம்ப்யூட்டரே அதைச் செய்யும். தண்ணிச் சூட்டைப் பார்த்து, "இன்னும் குளிர்"னா கூடுதல் பெட்ரோல் ஊத்தும். ஆக்ஸிஜன் சென்சார் சொல்றதையும் காதில் போட்டுக்காது. என் வண்டி பன்னிரண்டு வருஷமா சோக் இழுத்தபடியே ஓடிக்கிட்டு இருந்தது. அப்பா கரூர்-திருச்சின்னு நீளமா ஓட்டினதால 13.7-ஆவது கொடுத்தது. நான் ஏழு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்ட, பத்தரைக்கு வந்துடுச்சு. இத்தனை வருஷம் புகைச் சோதனையில் எப்படி பாஸ் ஆச்சுன்னு கேப்பீங்க. எல்லா இடத்திலும் குழாய் உண்மையிலேயே சைலன்சருக்குள் போனதுன்னு சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

புது தெர்மோஸ்டாட், கேஸ்கெட், கூலன்ட், நாலு பிளக், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். ஆயிலைத் தனியா மாத்தினோம். மறுநாள் கவடியார் தாண்டறதுக்குள் முள் நடுவுக்கு வந்து நின்னது. மூணு டேங்க் அளந்தேன்: 12.8. மாசம் 600 கிலோமீட்டருக்கு ஒம்பதரை லிட்டருக்கு மேல மிச்சம். லிட்டர் 110-ஐ ஒட்டி வித்தப்போ ஆயிரம் ரூபாய் சொச்சம். போட்ட காசு ரெண்டே மாசத்தில் வந்தாச்சு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அதுல மாசம் 22 கிலோ குறைஞ்சது. பேரூர்க்கடைப் பையன்கிட்டயே திரும்பப் போனேன். கார்பன் மோனாக்சைடு 0.18. "ஆஹா, புதிய வண்டி போலெ!" ஆர்டிஓ-வில் அஞ்சு வருஷம் கிடைச்சது.

வண்டிக்கு வயசானா விஷம்னு பொதுவாச் சொல்லிடறோம். 2016 மே மாசம் கொச்சியில் கூடின தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷத்துக்கு மேலான டீசல் வண்டிகள் திருவனந்தபுரம் உள்ளிட்ட கேரள நகரங்களில் ஓடக்கூடாதுன்னு உத்தரவு போட்டது. கேரள உயர் நீதிமன்றம் சீக்கிரமே அதை நிறுத்திவைத்தது. புது வண்டிகள் சுத்தமானவைங்கறதில் சந்தேகம் இல்லை. 2020 ஏப்ரல்ல வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டி முன்னாடி என்னோடது கிட்டவே வர முடியாது. ஆனா வயசு மட்டும் கணக்கில்லை. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் டொனால்ட் ஸ்டெட்மன், 1980-களின் கடைசியில் ரோட்டோரம் கருவி வச்சு ஓடற வண்டிகளின் புகையை அளந்தார். பத்தில் ஒரு பங்கு வண்டிகளே கார்பன் மோனாக்சைடில் பாதியைக் கக்கறதுன்னு அவர் குழு கண்டுபிடிச்சது. எங்க பிராஞ்ச் வாராக்கடன் மாதிரியே! நூறு கணக்கில் பத்துதான் தொல்லை. அந்தப் பத்தில் ஒண்ணா நான் இருந்தேன், பெருமையா முள்ளைப் பார்த்துக்கிட்டு.

பேங்க்ல சஸ்பென்ஸ் கணக்குன்னு ஒண்ணு உண்டு. எந்தக் கணக்கில் போடறதுன்னு உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமா அதுல போடுவோம். போடறது தப்பில்லை. மறுநாள் எடுக்காம விடறதுதான் தப்பு. வத்தலக்குண்டு மெக்கானிக் செஞ்சது சஸ்பென்ஸ் என்ட்ரி. வால்வு மூடினபடியே மாட்டிக்கிச்சு, ஊரில் புதுசு கிடைக்கல, மலை ஏறணும், கழட்டிட்டார். கரூர் திரும்பினதும் புதுசு போட்டிருக்கணும். யாரும் போடல. 2011-லிருந்து 2020 வரை அப்பா ஓட்டின 54,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டேன். வீணாப் போனது 480 லிட்டர்.

அந்த ஞாயித்துக்கிழமை போன் வந்தது. "வண்டி ஓடுதா கண்ணு?"

சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். கணக்குப் பிள்ளைகிட்ட கணக்கை மறைக்கறது மரியாதை இல்லை. எல்லாத்தையும் சொன்னேன். 480 லிட்டரையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார், "அன்னைக்கு அவன் அதைக் கழட்டினதாலதான் கண்ணு, உங்கம்மா கொடைக்கானல் பார்த்தா."

அம்மா 2013-ல் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த மலைக்கும் போகல. 480 லிட்டரை எந்தக் கணக்கில் எழுதறதுன்னு எனக்குத் தெரியல. அப்படியே விட்டுட்டேன்.

"சரி, இப்போ எவ்வளவு கொடுக்குது?"

"பன்னண்டே முக்கால்ங்கப்பா. ஊருக்குள்ள."

"இரு"ன்னார். பேனா தேடற சத்தம் கேட்டது.

பி.கு.: பழைய பெட்ரோல் வண்டி வச்சிருக்கறவங்க, பார்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி காசில்லாம செய்யக்கூடியது: டயர் காத்து, ஃபுல் டேங்க் கணக்கு மூணு தடவை, ஓடி நின்னதும் நாலு சக்கரத்தில் ஒண்ணு மட்டும் சுடுதான்னு பார்க்கறது (பிரேக் பிடிச்சுக்கிட்டு இருந்தா சுடும்), பத்து நிமிஷம் ஓட்டின பிறகு டெம்பரேச்சர் முள் எங்கே நிக்குதுன்னு பார்க்கறது, பொல்யூஷன் சீட்டில் பாஸா ஃபெயிலான்னு மட்டும் பார்க்காம ரெண்டு நம்பரையும் படிக்கறது. ஊரில் அப்பா பழைய நோட்டு ஏதாவது வச்சிருந்தா, எடைக்குப் போட்டுடாதீங்க.